தூரத்தை நிமிடத்தில் அளப்பது: பரோக் கால நிலக்காட்சி எட்சிங், முழுமையான வழிகாட்டி

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1643இல் செய்த ‘மூன்று மரங்கள்’ அச்சோவியத்தின் உயரம் 213 மி.மீ., அகலம் 279 மி.மீ. அவர் செய்த நிலக்காட்சி எட்சிங்குகளில் இதுதான் பெரியது. வலப்பக்க மேட்டில் மூன்று மரங்கள் கருத்து நிற்கின்றன. இடப்பக்க மூலையில் மழை சரம்சரமாகச் சாய்கிறது. நடுவில் வயல்வெளி போய்க்கொண்டே இருந்து, அடிவானத்தில் ஒரு நகரமாக முடிகிறது. இவ்வளவும் ஒரே கறுப்பு மை, ஒரே தாள்.

எட்சிங்கில் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறிச் செம்பைத் திறந்துவிட்டு, திராவகத்தில் போடுகிறோம். திறந்த இடத்தை மட்டும் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளத்தில் மை தங்கி, ஈரத்தாளில் ஏறும். கோடு எவ்வளவு கறுக்கும் என்பதைக் கை அழுத்தம் தீர்மானிப்பதில்லை. தகடு எத்தனை நிமிடம் திராவகத்தில் கிடந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. தூரத்துக் கோபுரத்துக்கு ஐந்து நிமிடம், காலடிப் புல்லுக்கு ஒரு மணி நேரம். பரோக் காலம் எனப்படும் 17ஆம் நூற்றாண்டின் கலைஞர்கள் காற்றையும் தொலைவையும் காட்டிய வழியின் அடிப்படை இதுவே. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான் போகின்றன.

வெறும் ஊர்ப்புறம் படமான கதை

17ஆம் நூற்றாண்டுக்கு முன் நிலம் என்பது பெரும்பாலும் புனிதர் கதைக்கோ புராணக் காட்சிக்கோ பின்திரை. ஹாலந்தில் அது மாறியது. ஸ்பெயினுடனான போர் 1609இல் பன்னிரண்டு ஆண்டுக்கு நிறுத்தப்பட, ஊருக்கு வெளியே அச்சமின்றி நடக்க முடிந்தது. 1612இல் பீம்ஸ்டர் ஏரியைக் காற்றாலைகளால் இறைத்து வற்றச்செய்து ஏறத்தாழ 7,000 ஹெக்டேர் புது நிலம் எடுத்தார்கள். சொந்தமாக மீட்ட மண், சொந்தமாக உண்டாக்கிய மண் என்ற இரண்டு பெருமையும் ஒரே காலத்தில் சேர்ந்தன. அச்சோவியரும் பதிப்பாளருமான கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் 1611–12 வாக்கில் ஹார்லெம் நகரைச் சுற்றியுள்ள துணி வெளுக்கும் வெளிகள், மணல்மேடுகள், இடிந்த கோட்டைகள் ஆகியவற்றை ஒரு வரிசையாக அச்சிட்டு விற்றார். தொலைவு போக நேரமில்லாத ரசிகர்கள் இதைப் பார்த்து மகிழட்டும் என்பது அவர் வாசகர்களுக்குச் சொன்னது. எண்ணெய் ஓவியம் வாங்க வசதியில்லாத வீட்டுக்குள்ளும் அச்சுத்தாள் போய்விடும். நிலக்காட்சி ரசனை பரவியதில் இந்த மலிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே காலத்தில் ரோமில் வாழ்ந்த லொரைன் நாட்டு (இன்று பிரான்ஸின் பகுதி) ஓவியர் குளோத் லொரைன் வேறு திசையில் போனார். ஏறத்தாழ 44 எட்சிங்குகள் செய்தார். 1636இல் செய்த ‘மாட்டிடையன்’ அவற்றில் முதன்மையானது. டச்சுக்காரர்கள் காற்றைத் தேடினால், குளோத் மாலை வெயிலைத் தேடினார். இருபுறமும் மரங்களை நாடக மேடையின் தட்டிபோல நிறுத்தி, நடுவில் ஒளியை விட்டார். இந்த இரண்டில் எது உங்களுக்கு என்பதை ஊசி எடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கோடு போடும் விதமும் அரிக்கும் விதமும் அதைப் பொறுத்தே மாறும். முதல் தகட்டுக்கு டச்சு முறை நல்லது. தாழ்ந்த அடிவானம், காலியான வானம், நான்கே தள அடுக்கு என்று கணக்கு எளிதாக இருக்கும்.

தகடு

15 × 20 செ.மீ. அளவில் 1 மி.மீ. தடிமன் செம்புத் தகடு ஒன்றும், அதே செம்பில் 3 × 15 செ.மீ. சோதனைத் துண்டு ஒன்றும் வாங்குங்கள். துத்தநாகம் மலிவுதான், ஆனால் நுண்கோடுகளை முரடாக்கிவிடும். நிலக்காட்சியின் தொலைவு முழுக்க நுண்கோட்டில்தான் நிற்கிறது.

முதலில் நான்கு விளிம்புகளையும் அரத்தால் ஏறக்குறைய 45 பாகை சாய்வாகத் தேய்த்து, மூலைகளைச் சற்று உருட்டுங்கள். இதைத் தவிர்த்தால் அச்சு எந்திரத்தில் தகட்டு விளிம்பு தாளை அறுக்கும், தாள்மேல் போடும் கம்பளியையும் அறுக்கும். பிறகு 600, 1000, 1200 எண் உப்புத்தாள்களால் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்து, கடைசியில் உலோகப் பாலிஷ் போடுங்கள். முகம் தெரியும் அளவு பளபளப்பு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட மையைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வானத்தில் சாம்பல் முடிபோல அச்சாகும்.

கடைசியாகப் பிசுக்கு நீக்கம். சாக்பீஸ் தூளில் சில சொட்டு அம்மோனியா விட்டுக் குழைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாகப் படிந்தால் தகடு தயார். அதன்பின் முகப்பில் விரல் படக் கூடாது.

மெழுகுப்பூச்சு

இந்தக் கலை வளர்ந்ததில் பூச்சின் பங்கு பெரிது. லொரைனைச் சேர்ந்த எட்சிங் கலைஞர் ஜாக் கலோ (1592–1635) தந்தி வாத்தியம் செய்பவர்கள் பயன்படுத்திய வகை வார்னிஷைத் தகட்டில் பூசிச் சுட்டு இறுக்கினார். ஆளிவிதை எண்ணெயும் மஸ்தகிப் பிசினும் சேர்ந்த கெட்டிப் பூச்சு அது. பழைய பூச்சு திராவகத்தில் இடையிலேயே உரிந்துவிடும். கலோவின் பூச்சு பலமுறை மூழ்கினாலும் தாங்கியது. அதனால்தான் ஒரே தகட்டை நான்கைந்து கட்டமாக அரிப்பது நம்பகமான வேலையானது. பிரெஞ்சு எட்சிங் கலைஞர் ஏபிரகாம் போஸ் 1645இல் பாரிஸில் வெளியிட்ட கையேடு இந்த முறையை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது.

ரெம்பிராண்ட் கையாண்டது மென்மையான பூச்சு. 1660இல் லண்டனில் அச்சான ஒரு கையேடு அவர் பெயரிலேயே ஒரு செய்முறை தருகிறது: தேன்மெழுகு 2 பங்கு, மஸ்தகி 1 பங்கு, நிலக்கீல் அல்லது அம்பர் 1 பங்கு. ஊசி இதில் பேனாபோல ஓடும். கலோவின் பூச்சில் செதுக்குவதுபோல இருக்கும். நிலக்காட்சிக்கு மென்பூச்சையே தேர்ந்தெடுங்கள்.

செய்முறை: தேன்மெழுகு 60 கிராம், மஸ்தகி 30 கிராம், நிலக்கீல் தூள் 30 கிராம். மஸ்தகி நாட்டு மருந்துக் கடையில் ‘ரூமி மஸ்தகி’ என்ற பெயரில் கிடைக்கும். சாலைக்குப் போடும் தார் உதவாது. ஆறிய பிறகும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். மணல் நிரப்பிய சட்டிமேல் சிறு பாத்திரம் வைத்து மெழுகை உருக்கி, பொடித்த பிசினையும் நிலக்கீலையும் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கிளறுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், புகையும் வரும், தீயும் பிடிக்கும். கரைந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற்றி, கையால் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டிக்கொள்ளுங்கள்.

தகட்டைச் சூடு பலகைமேல் வைத்து உருண்டையால் ஓரிரு கோடு இழுங்கள். தொட்டவுடன் உருகினால் சூடு சரி, புகைந்தால் அதிகம். தோல் உருளையால் எல்லாப் பக்கமும் உருட்டிப் பரப்புங்கள். பொன்பழுப்பு நிறம் போதும். கரும்பழுப்பாகத் தெரிந்தால் பூச்சு தடித்துவிட்டது. ஊசி இழுக்கும்போது செதில் செதிலாகப் பெயரும்.

சூடு ஆறுவதற்குள் புகையூட்ட வேண்டும். மூன்று நான்கு மெல்லிய மெழுகுவர்த்திகளை முறுக்கி ஒன்றாக்கிக் கொளுத்தி, தகட்டை முகம் கீழாகப் பிடித்து, சுடரின் நுனி பட்டும் படாமலும் ஓட்டுங்கள். கை நிற்கவே கூடாது. நின்ற இடத்தில் பூச்சு கருகிச் சாம்பல் நிறமாகும், திராவகத்தில் முதலில் உடைவதும் அந்த இடம்தான். ஆறிய பின் தகடு முழுக்கக் கறுப்பு அரக்குபோல மின்ன வேண்டும். மங்கல் திட்டு இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். இதில் சோம்பல்பட்டால் பின்னால் கொடுக்கும் விலை பெரிது.

சோதனைத் துண்டுக்கும் இதே நாளில், இதே உருண்டையால் பூசுங்கள்.

வரைதல்

அச்சு இடவலம் மாறி விழும். ரெம்பிராண்ட் 1640 வாக்கில் செய்த ஆம்ஸ்டர்டாம் காட்சியில் நகரமே இடவலம் மாறி இருக்கிறது. நேரே வரைந்துவிட்டு அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. உங்களுக்கு இடம் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் முன்வரைவைக் கண்ணாடியில் பார்த்து வரையுங்கள்.

ஊசி கூராக இருக்கக் கூடாது என்றால் பலர் நம்புவதில்லை. நுனி சற்று உருண்டிருந்தால்தான் எந்தத் திசையிலும் வழுக்கி ஓடும். செம்பு மின்னித் தெரியும் அளவுக்கு அழுத்தினால் போதும். குழி தோண்ட வேண்டியது திராவகத்தின் வேலை. அழுத்தம் போதாமல் மெழுகின் மெல்லிய படலம் மிஞ்சினால் கோடு விட்டுவிட்டு அரிக்கும்.

அடிவானத்தைத் தகட்டின் கீழ் மூன்றிலொரு பங்கில் வையுங்கள். அதன் கீழே உள்ளதை நான்கு தளமாகப் பிரியுங்கள்: அடிவானக் கோபுரங்கள், தொலை வயல், நடு மரங்கள், முன்தரை. தூரத்தில் குறுகிய கிடைக்கோடுகள் போதும், கிட்டக்கிட்ட அரை மி.மீ. இடைவெளியில் போடலாம். முன்தரையில் நிலைமை நேர்மாறு. திராவகம் ஆழமாக மட்டும் அல்ல, பக்கவாட்டிலும் தின்னும். ஒரு மணி நேரம் அரிபடப்போகும் கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 1 மி.மீ. விடாவிட்டால் இடையிலுள்ள பூச்சு சரிந்து, கோடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே அகலப் பள்ளமாகும். அகலப் பள்ளத்தில் மை தங்காது, துடைக்கும்போது வழிந்து போய்விடும். ஆழ்கறுப்பு எதிர்பார்த்த இடத்தில் அழுக்குச் சாம்பல் வருவதற்குக் காரணம் இதுதான். தகட்டில் முன்தரை வெறிச்சென்று தோன்றும்போது நிறுத்தத் தெரிய வேண்டும்.

இலைகளை ஒவ்வொன்றாக வரையாதீர்கள். டச்சு நிலக்காட்சி ஓவியர் யாகோப் வான் ரெய்ஸ்டால் செய்த எட்சிங்குகள் மிகக் குறைவு, ஏறத்தாழ 13. அவருடைய ஓக் மரங்களில் கோடு நெளிந்து சுருண்டு கொத்தாக ஓடும். வெயில் படும் பக்கம் கோடு அறுந்து தாள் வெள்ளையாகத் தெரியும். வெறுமையாக விட்ட அந்தப் பக்கத்தில்தான் மரத்துக்குக் கனம் வருகிறது. வானத்தையும் பெரும்பாலும் காலியாக விடலாம். ரெம்பிராண்டின் நிலக்காட்சிகளில் வானம் பெரும்பாலும் வெறும் தாள்தான். ‘மூன்று மரங்கள்’ விதிவிலக்கு.

கோடு நடுவில் தடித்து முனைகளில் மெலிய வேண்டுமானால் கலோ புகழ்பெறச் செய்த எஷோப் ஊசி உதவும். தடித்த எஃகு ஊசியின் நுனியைச் சாய்வாகத் தேய்த்து முட்டை வடிவ முகமாக்கினால் அதுதான் எஷோப். கையில் சுழற்றச் சுழற்றக் கோட்டின் தடிமன் மாறும்.

அரிப்பு

போஸ் சொல்லும் கெட்டிப்பூச்சுக் கலவை வினிகர், நவச்சாரம், உப்பு, தாமிரப் பச்சை சேர்ந்தது. மென்பூச்சுக்கு வெடியுப்புத் திராவகம் இருந்தது. அதன் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும், வீட்டில் தொடவே வேண்டாம். இன்று நமக்கு இருப்பது பெரிக் குளோரைடு. மின்சுற்றுப் பலகை அரிக்க விற்பது இதுவே. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருவில் கிடைக்கும்.

கரைசலாகக் கிடைத்தால் 40 போமே (கரைசலின் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) உள்ளதை வாங்குங்கள். பொடியானால் 1 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம். தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பொடிமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். பிளாஸ்டிக் தட்டு மட்டும் பயன்படுத்துங்கள். எவர்சில்வர் தொட்டியையும் இது தின்றுவிடும். 4 பங்கு கரைசலுக்கு 1 பங்கு சிட்ரிக் அமிலக் கரைசல் சேர்ப்பது நல்ல பழக்கம். அது மளிகைக் கடை எலுமிச்சை உப்புதான், 3 பங்கு தண்ணீரில் 1 பங்கு கரைத்தது. எடின்பரோவில் 1997இல் பிரீட்ஹார்ட் கீகெபென் வகுத்த கலவை இது. கோட்டுக்குள் படியும் கசடை இது கரைத்துவிடுவதால் அரிப்பு ஒரே சீராகப் போகும். எலுமிச்சை உப்பு இல்லாவிட்டால் தகட்டை முகம் கீழாக, மூலைகளில் சிறு முட்டுக் கொடுத்து மிதக்கவிடுங்கள். கசடு தானாகக் கீழே விழும்.

தகட்டின் முதுகில் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள், விளிம்புகளில் அடைப்பு வார்னிஷ் (கரைசல் படாமல் மறைக்கும் பூச்சு) தடவுங்கள். இப்போது சோதனைத் துண்டு. அதில் நெடுக இணைகோடுகள் இழுத்து, 3, 6, 12, 24, 48 நிமிடங்களில் ஒவ்வொரு பகுதியாக வார்னிஷால் அடைத்து, கடைசியில் அச்செடுங்கள். உங்கள் கரைசல், உங்கள் ஊர் வெயில் இரண்டுக்குமான நிமிட அட்டவணை அந்தத் துண்டில் இருக்கும். கரைசல் சூடானால் வேகம் கூடும், பழசானால் குறையும். பிறர் அட்டவணை தொடக்கத்துக்கு மட்டும் உதவும். புதுக் கரைசல், 25 பாகை வெப்பம் என்றால் இப்படித் தொடங்கலாம்:

முதல் 5 நிமிடம் தகடு முழுக்க அரியட்டும். எடுத்துக் கழுவி, விசிறியில் உலர்த்தி, அடிவானத்தையும் மேகத்தையும் வார்னிஷால் அடையுங்கள். இனி அவை மாறாது. மேலும் 10 நிமிடம் கழித்துத் தொலை வயலை அடையுங்கள். மேலும் 15 நிமிடம் கழித்து நடு மரங்கள். முன்தரை மட்டும் மீதி 30 நிமிடம் கிடக்கும். மொத்தம் ஒரு மணி நேரம்.

அடைப்பின் எல்லையைக் கவனியுங்கள். தளத்துக்குத் தளம் நேர்கோடாக அடைத்தால் அச்சில் படிக்கட்டு வெட்டியதுபோலத் தெரியும். மரக்கொத்தின் ஓரம், வரப்பு, நீர்க்கரை என்று காட்சியில் இருக்கும் விளிம்போடு தூரிகையை வளைத்துக்கொண்டு போங்கள். வார்னிஷ் நன்றாகக் காயாமல் மூழ்கவிட்டால் கரைசல் அடியில் நுழைந்து தூரத்தையும் கறுப்பாக்கிவிடும். தொலைவு கெட்ட தகடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கெடுகின்றன.

ஊசி முனை அளவுப் புள்ளிகள் வானத்தில் தோன்றினால் பூச்சில் ஓட்டை. உடனே எடுத்து அடையுங்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கலைஞர் ஹெர்குலஸ் செகெர்ஸ் இப்படிப்பட்ட விபத்துகளோடு விளையாடியவர். அவருடைய 54 அச்சோவியங்கள் தெரியவந்துள்ளன. வண்ண மை, சாயம் தோய்ந்த தாள், துணி என்று ஒவ்வொரு பிரதியையும் வேறு வேறாக்கினார். சர்க்கரைக் கரைசலால் வரைந்து பூச்சைக் கிளப்பும் வித்தையையும் கையாண்டார். அவருடைய பாறை மலைகள் பூமியின் தோல் உரிந்ததுபோல இருக்கும். அவர் அச்சுகளில் மளிகைக்காரர்கள் வெண்ணெய் மடித்தார்கள் என்று ஓவியரும் எழுத்தாளருமான ஹூக்ஸ்ட்ராட்டென் 1678இல் எழுதுகிறார். இன்று அவற்றின் பெருந்தொகுப்பு ஆம்ஸ்டர்டாம் ரிக்ஸ் அருங்காட்சியகத்தில்.

வேலை முடிந்த கரைசலில் செம்பு கலந்திருக்கும், சாக்கடையில் ஊற்றக் கூடாது. சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை நிற்கும்வரை முறித்து, அடியில் தங்கும் கசடைத் தனியே வடித்து அபாயக் கழிவாகக் கொடுங்கள்.

அச்செடுத்தல்

250–300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளை அரைமணி நேரம் ஊறவைத்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் அழுத்துங்கள். மேற்பரப்பில் நீர் மினுங்கக் கூடாது, தொட்டால் குளுமை மட்டும் தெரிய வேண்டும்.

பூச்சைக் கரைப்பானால் துடைத்த தகட்டை இளஞ்சூடாக்கி, மையை அட்டைத் துண்டால் எல்லாத் திசையிலும் திணியுங்கள். கஞ்சி போட்ட வலைத்துணியை உருண்டையாக்கி, வட்டமாகச் சுழற்றித் துடையுங்கள். அழுத்தித் துடைத்தால் கோட்டிலிருக்கும் மையும் போய்விடும். கடைசியில் உள்ளங்கையில் சிறிது சாக்பீஸ் தூள் தட்டி, தகட்டை மெல்லத் தடவுங்கள். வானத்தில் எவ்வளவு மையை மெல்லிய படலமாக விடுகிறீர்கள் என்பது காட்சியின் பொழுதையே மாற்றும். முழுக்கத் துடைத்தால் நண்பகல், சற்று விட்டால் அந்தி. விளிம்புகளை மட்டும் பழுதில்லாமல் துடைத்துவிடுங்கள்.

சொந்த எந்திரம் வாங்கும்வரை பொது அச்சுக்கூடம் போதும். சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதமி மண்டல மையத்தில் பதிப்போவியப் பட்டறை உண்டு. எந்திரத்தில் தகடு, தாள், மூன்று கம்பளி என்ற வரிசையில் வைத்து ஒரே வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் ஓட்டுங்கள்.

கோட்டின் இரு ஓரம் மட்டும் அச்சாகி நடு வெளுத்தால் அழுத்தம் குறைவு அல்லது தாள் காய்ந்திருக்கிறது. கோட்டைச் சுற்றி எண்ணெய் வளையம் வந்தால் மை நீர்த்துவிட்டது. தாள் முழுக்கக் கறை விட்டால் ஈரம் அதிகம்.

டிரைபாயின்ட்டும் திருத்தமும்

முதல் பிரதி பார்த்த பிறகு முன்தரைக்குக் கறுப்பு போதவில்லை என்று தோன்றும். மறுபடி பூசி அரிக்கலாம். அல்லது ஊசியால் நேரே செம்பைக் கீறலாம், இதுதான் டிரைபாயின்ட். கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறு மையை அள்ளிப் பிடித்து, வெல்வெட் போன்ற கறுப்பைத் தரும். 1650ஐ ஒட்டி ரெம்பிராண்டின் மரங்களில் காணும் மென்கறுப்பு இப்படி வந்ததே. உருளையின் அழுத்தத்தில் பிசிறு நசுங்கிக்கொண்டே போகும், இருபது பிரதிக்குள் அதன் ஜீவன் போய்விடும். ஆகவே டிரைபாயின்ட்டைக் கடைசியில் போடுங்கள். அந்தத் தகட்டை வலைத்துணியால் முரட்டுத்தனமாகத் துடைக்காதீர்கள்.

நேர்மாறாக, தூரம் கறுத்துவிட்டால் சுரண்டியால் செம்பைச் சீவி, மெருகுக் கோலால் எண்ணெய் விட்டு அழுத்தித் தேயுங்கள். ஆழக்கோட்டைச் சுரண்டினால் அங்கே தகடு குழியும். பின்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டி மேடாக்க வேண்டும். ரெம்பிராண்ட் 1653 வாக்கில் செகெர்ஸின் தகடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தார். ‘தொபியாவும் தேவதூதனும்’ என்ற காட்சியில் உருவங்களைச் சுரண்டிவிட்டு எகிப்துக்குத் தப்பியோடும் இயேசுவின் குடும்பத்தை வைத்தார். செகெர்ஸின் மலைநிலத்தைப் பெரும்பாலும் தொடவில்லை. சுரண்டியது முழுமையாக இல்லாததால் பழைய தேவதூதனின் சிறகின் தடம் புது மரங்களுக்கு நடுவே இன்னும் தெரிகிறது.

தகட்டை எடுத்து வைக்கும் முன் மையைச் சுத்தமாகக் கரைத்துத் துடைத்து, மெல்லிய வாசலின் தடவி, வழவழப்பான தாளில் சுற்றுங்கள். கோட்டில் காய்ந்த மை தங்கிவிட்டால் அடுத்த அச்சில் முதலில் காணாமல் போவது அடிவானம்தான்.